காலை ஏழு மணிக் கேள்வி

நீங்கள் மூன்றாவது தடவையாகக் கொட்டாவி விடுகிறீர்கள், அம்மா. வாயை மறைத்துக்கொள்ள வேண்டாம். என் பேச்சு சலிப்பாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கொட்டாவி விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாசம்தான் வரும். இருபத்தாறு வருஷம் தூக்கம் வராதவர்களோடுதான் குப்பை கொட்டியிருக்கிறேன். உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பைப் பார்த்தால், நேற்று நாலு மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக என்று சொல்வேன். இல்லை, நன்றாகத் தூங்கினேன் என்கிறீர்கள். சரி. தூங்கினவர் சொல்வதுதான் கணக்கு. இந்த அறையில் கேள்வி கேட்கிறவர் நீங்கள் என்பதை மறந்துவிட்டேன். பழக்க தோஷம்.

நான் எதையும் மறைக்க வரவில்லை. மறைக்கிற எண்ணம் இருந்தால் ஒரு வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். மேசைமேல் நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்களே, மருந்துக்கு அனுமதி கொடுக்கிற உங்கள் அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் வந்த நாற்பத்தொரு கடிதங்கள், அவற்றிலிருந்து நீங்கள் படித்துக் காட்டியதெல்லாம் உண்மை. ஒரு வரி கூட மிகை இல்லை. யார் எழுதியது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கும் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன். எழுதியவர் யாராக இருந்தாலும் நல்ல மனசுக்காரர். ஆனால் தூக்கம் கெட்டவர். வரிகள் ஒரு பக்கமாகச் சரிகின்றன பாருங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த கை இப்படிப் போகாது.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மருந்துக் கம்பெனி என்றால் ஆளுக்கு ஒரு வெள்ளை அங்கி, கையில் கண்ணாடிக் குழாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் குழாயைத் தொட்டதே இல்லை. என் கையில் இருந்தது டெலிபோன். புதுத் தூக்க மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டவர்களைத் தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிட வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ராத்திரி எத்தனை தடவை விழித்தீர்கள், உங்கள் தூக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்டு, அச்சடித்த தாளில் என் கையால் எழுத வேண்டும். அவ்வளவுதான். எனக்கு அங்கே விடியக்கா என்று பெயர். பல பேருக்கு அன்றைக்கு வருகிற ஒரே டெலிபோன் என்னுடையதுதான். ஒரு கிழவர் மருந்து நின்ற பிறகும் ஆறு மாதம் ஏழு மணிக்கு டெலிபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். தெரிந்ததும் கூப்பிட்டேன். சும்மா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க. நான் கல் நெஞ்சுக்காரி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மாத்திரைக்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர் நீலம். வெளிறின நீலம், நடுவில் ஒரு கோடு. அதை உருவாக்கிய ஆராய்ச்சித் தலைவர் ராத்திரிக்கு நாலு மணி நேரம் தூங்குகிறவர். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். தூக்கம் சோம்பேறிகளுக்கு என்பது அவர் கட்சி. அவர் கையில்தான் அந்த மருந்து ஒன்பது வருஷம் வளர்ந்தது. பல்லில்லாதவர் பக்கோடா கடை போட்ட மாதிரி என்று எங்கள் டெலிபோன் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

முதல் கட்டத்தில் பன்னிரண்டு பேரை எங்கள் கட்டடத்திலேயே படுக்கவைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தலையிலும் பதினெட்டுக் கம்பிகள். அந்தக் கம்பிகள் மூளை விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்பதைக் கோடுகளாகத் தாளில் கீறும். கோட்டைப் படிக்கிற மனிதரைக் கம்பிக்காரர் என்போம். காலையில் நான் நேரில் போய் என் மூன்று கேள்விகளைக் கேட்பேன். எட்டு, ஒன்பது, பத்து. பத்துக்குக் குறைவாகச் சொன்னவர்கள் வெட்கப்பட்டுத்தான் சொன்னார்கள். தலைவர் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துக் கம்பிக்காரர் தாள் சுருளோடு என் மேசைக்கு வந்தார்.

“விடியக்கா, இதக் கொஞ்சம் பாருங்க.”

“எனக்கு என்ன தெரியும் தம்பி. கோழி கிளறின மாதிரி இருக்கு.”

“அதான் விஷயம். தூங்கறவங்க கோடு மெதுவா ஏறி இறங்கும். இப்படிக் கிளறினா முழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். பன்னிரண்டு பேருக்கும் இதே கதைதான். மருந்து சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து யாரும் சரியா ஒரு மணி நேரம் தூங்கலை.”

“ஒம்பது, பத்துன்னு போடறாங்களே.”

“அதைத்தான் நானும் கேக்கறேன். ஏழாம் கட்டில்காரர் ராத்திரி பூரா என்கிட்ட பேசறாரு. முதல் கல்யாணத்துல ஆரம்பிச்சு ரெண்டாவது எப்படி முறிஞ்சதுங்கற வரைக்கும். மூணு நாளா அதே கதை, அதே எடத்துல அழுகை. காலையில எழுந்து, ‘அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன், நீங்க புதுசா வந்தவரா தம்பி’ன்னு என் கையைக் குலுக்கிட்டுப் போறாரு.”

இதுதான் நீலம் செய்கிற வேலை. தூக்கத்தைக் கொண்டுவருவதில்லை. தூங்காமல் கிடந்த ஞாபகத்தைத் துடைத்துவிடுகிறது, கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி. கடிதங்களில் முதல் கடிதம் இதைத்தான் சொல்கிறது. நான் சொல்வதை விட அழகாகச் சொல்கிறது.

தலைவர் அறையில் கூட்டம் போட்டார்கள். தலைவர், கம்பிக்காரர், விளம்பரப் பிரிவு அதிகாரி, ஓரத்தில் நான். தலைவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“ஒம்பது வருஷம். எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்றீங்களா?”

“நான் எதையும் போடச் சொல்லலை சார். அவங்க தூங்கலைன்னு சொல்றேன்.”

அடுத்துப் பேசியவள் நான். என்னை யாரும் பேசச் சொல்லவில்லை, தூண்டவில்லை, பயமுறுத்தவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா. மற்றவர்கள் தலையில் விழக்கூடாது.

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு சொல்லுவாங்க,” என்றேன். “தூங்கறவனுக்குத் தூங்கற சுகம் தெரியாது. எழுந்ததுக்கு அப்புறம்தான் தெரியும். அப்ப தூக்கங்கறது ராத்திரி நடக்கறதா, காலையில நடக்கறதா? ஜனங்க டாக்டர்கிட்ட வந்து, என் மூளையில கோடு சரியில்லைன்னா சொல்றாங்க? தூக்கம் வரலைன்னு சொல்றாங்க. சொல்றது நின்னுபோச்சுன்னா வியாதி போச்சுன்னுதானே அர்த்தம்?”

“அப்ப இந்தக் கம்பிங்க?” என்றார் தலைவர்.

“தலையில பதினெட்டுக் கம்பியை ஒட்டினா யாருக்குத்தான் தூக்கம் வரும்? கம்பிதான் தூக்கத்தைக் கெடுக்குது. எடுத்துடுங்க.”

“விடியக்கா, தாள் பொய் சொல்லாது,” என்றார் கம்பிக்காரர்.

“தாள் காலையில எழுந்து வேலைக்குப் போறதில்ல தம்பி.”

விளம்பரப் பிரிவு அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு தலைவர், கடைசியில் நான். சிரிப்பு என்பது பெரிய விஷயம். ஒரு அறையில் மூன்று பேர் சிரித்துவிட்டால் நாலாவது ஆள் சொல்வது எடுபடாது. கம்பிக்காரரை அடுத்த மாதமே இருமல் மருந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். அது அவருக்கு ஏற்ற இடம்தான். அங்கே நோயாளியைக் கேட்க வேண்டியதில்லை. இருமினால் காதில் விழுந்துவிடும்.

என் கேள்வியையும் நான்தான் மாற்றினேன். ராத்திரி எத்தனை தடவை விழித்தீர்கள் என்று இருந்ததை, எத்தனை தடவை விழித்ததாக ஞாபகம் இருக்கிறது என்று திருத்தினேன். யோசித்துப் பாருங்கள், பழைய கேள்விக்குத்தான் அவர்களால் உண்மையான பதில் சொல்ல முடியாது. புதுக் கேள்விக்கு அவர்கள் சொன்னது அப்பட்டமான உண்மை. எங்கள் தாள்களில் பொய் என்று ஒரு எழுத்து கிடையாது. மேற்பார்வைக் குழு என்று ஏழு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடினார்கள். இரண்டு பேர் கம்பி இல்லாமலேயே தூங்கினார்கள். மீதிப் பேரில் ஒருவர் மட்டும், வயதானவர்களுக்கு எழுத்து பொடியாக இருக்காதா என்று கேட்டார். எழுத்தைப் பெரிசாக்கினோம்.

அடுத்த கட்டம் நானூறு பேர், அவரவர் வீட்டிலேயே. வீடு என்று வந்துவிட்டால் சுவாரசியத்துக்குக் குறைவில்லை. ஒரு தையல்காரர் ஏழு மணிக்கு உற்சாகமாகப் பேசினார்.

“என் பொண்டாட்டி தங்கம் விடியக்கா. நான் தூங்கும்போது தினம் ரெண்டு சட்டை தெச்சு வெச்சிடறா.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. ராத்திரி பூரா மிஷினை ஓட்டி என் உயிரை வாங்கறதே இந்த மனுஷன்தான். அந்த அம்மாகிட்ட சொல்லுங்க.”

அந்த அம்மாளுக்கு என் தாளில் இடம் இல்லை. மருந்து சாப்பிடுகிறவர் பேச்சைத்தான் எழுதலாம். சட்டை நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். நன்றாக வந்திருந்ததாம், ஆனால் கைகள் இரண்டும் இடது கைகளாம்.

இந்த மாதிரி நிறைய வந்தன. அடுப்பு பளபளவென்று தேய்த்திருக்கும். அலமாரி அடுக்கியிருக்கும். செய்தது யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. பெட்டியின்மேல் ‘வீட்டு வேலையும் முடியும்’ என்று அச்சடிக்கலாமா என்று விளம்பரப் பிரிவு அதிகாரி கேட்டார். நான்தான் தடுத்தேன். நிரூபிக்காத ஒன்றைப் பெட்டியில் போடுவது தப்பு. எனக்கு மனசாட்சி உண்டு, அம்மா.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. பக்கத்தில் படுப்பவர்களுக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரி பூரா ஒருவர் நடந்துகொண்டும், பேசிக்கொண்டும், அழுதுகொண்டும் இருந்தால் மற்றவர் எப்படிக் கண்ணை மூடுவார்? அவர்கள் டாக்டரிடம் போனார்கள். டாக்டர்கள் எங்களிடம் அனுப்பினார்கள். அவர்களுக்கும் நீலம் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த வீடுகளில் ராத்திரி என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. காலையில் இரண்டு பேரும் பத்துக்குப் பத்து. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்தக் காலத்தில் நீலம் இல்லை.

என் தங்கையைப் பற்றி எப்போது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

என்னைவிட ஆறு வயது சின்னவள். கடைத்தெருவில் ஒரு சின்னச் சலவைக் கடை, அதில் இஸ்திரி போடுவாள். அவளைப் போல மடிப்பு வைக்க ஆள் கிடையாது. நீலம் சாப்பிடுவதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். கூடவே அவள் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தினமும் காலை ஐந்தரைக்கு எனக்கு டெலிபோன் வரும்.

“அக்கா, நேத்தும் பொட்டுத் தூக்கம் இல்லக்கா.”

நாற்பது நிமிடம். அவர் இருமல், அவர் செருப்பு, அவர் கடைசியாகக் கேட்ட தண்ணீர். டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான் தலை வாருவேன், காய் நறுக்குவேன், ம் கொட்டுவேன். நாலு வருஷம் ம் கொட்டினேன். கூடப் பிறந்தவள் ஆயிற்றே.

கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. தாளில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். அதில் ‘இல்லை’ என்று எழுதினேன். அது ஒன்றுதான் நான் என் கையால் எழுதிய பொய். அதுவும் அவள் நல்லதுக்கு.

முதல் வாரமே அவள் குரல் மாறிவிட்டது. ஏழு மணிக்கு நான் கூப்பிட்டால், “அக்கா, பத்துக்குப் பத்து போட்டுக்கோங்க. நாலு வருஷத்துல இப்படி ஒரு தூக்கம் இல்ல,” என்பாள். ஐந்தரை மணி டெலிபோன் நின்றுபோயிற்று. நான் ஆறு வரைக்கும் படுத்திருந்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மூன்றாவது வாரம் தங்கை மகள் மத்தியான இடைவேளையில் என் அலுவலகத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். முகம் உப்பியிருந்தது.

“பெரியம்மா, அம்மா தூங்கலை. ஒரு நாள் கூடத் தூங்கலை.”

“காலையில பேசினேனே. நல்லா தூங்கினேன்னு சொன்னாளே.”

“காலையில அப்படித்தான் சொல்லுவாங்க. விடிஞ்சா மறந்துடுவோம்னு ராத்திரியில அவங்களுக்கே தெரியுது பெரியம்மா. ‘நாளைக்குக் காலையில நான் சிரிச்சுக்கிட்டே பேசுவேன், நீயாவது யார்கிட்டயாவது சொல்லு’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. இதப் பாருங்க.”

கைப்பையைக் கவிழ்த்தாள். மேசையெல்லாம் மஞ்சள் சீட்டு. சலவைக் கடையில் துணிக்குத் துணி எண் எழுதிக் குண்டூசியால் குத்துவார்களே, அந்தச் சீட்டு. எண் இருக்க வேண்டிய இடத்தில், ‘நான் தூங்கவில்லை’. இன்னொன்றில், ‘இன்றைக்கும் தூங்கவில்லை’. இன்னொன்றில் வெறும், ‘இல்லை’.

“தலகாணி உறையில, துண்டுல, என் ஸ்கூல் பையிலகூடக் குத்தி வெச்சிடறாங்க. காலையில அதையே எடுத்துப் பார்த்துட்டு, கடைக்கு வர்றவன் எவனோ விளையாடறான்னு சிரிக்கறாங்க.”

“கையெழுத்து யாருதா வேணும்னாலும் இருக்கலாம் கண்ணு.”

“அம்மா கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா?”

“நீ மருந்து சாப்பிடறியா?”

“இல்ல.”

“அப்ப உன் பேச்சை எழுத என் தாள்ல எடம் இல்ல. சாப்பிடறவங்க காலையில என்ன சொல்றாங்களோ அதுதான் கணக்கு. உனக்குன்னு போட்ட சட்டமா? எல்லாருக்கும் அதான்.”

அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா பெரியம்மா? அது ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க.”

வெயிலில் வந்திருக்கிறாள் என்று அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டாள்.

என் துணிகளுக்கும் தங்கைதான் இஸ்திரி போடுவாள். ஞாயிற்றுக்கிழமை மூட்டை வரும். அந்தத் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மூட்டையைப் பிரித்தேன். மேலே என் சாம்பல் நிறச் சட்டை. கழுத்துப்பட்டைக்கு அடியில் ஒரு மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது. ‘அக்கா, காலையில நான் சொல்றத நம்பாதீங்க.’

குண்டூசியைப் பார்த்துக் கழற்றினேன். துணியில் ஓட்டை விழுந்துவிடக்கூடாது. சீட்டை என் வீட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஏழு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன்.

“எப்படித் தூங்கினே?”

“அடிச்சுப் போட்ட மாதிரி அக்கா. சட்டை மடிப்பு சரியா வந்திருந்துச்சா?”

“சரியா வந்திருந்துச்சு.”

“அப்பப் பத்துக்குப் பத்து போட்டுக்கோங்க.”

போட்டேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். நியாயம்தான், கேட்கிறவர்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஒருத்தி அழுகிறாள், பகலில் ஒருத்தி சிரிக்கிறாள். இரண்டு பேரும் என் தங்கைதான். ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் யாராக இருந்தாலும் சிரிக்கிறவளைத்தானே வைத்துக்கொள்வார்கள்?

ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. அவள் முன்கையில் இஸ்திரிப் பெட்டி பட்ட தழும்புகள் கூடின. எப்படிப் பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. ‘தோலில் லேசான நிறமாற்றம்’ என்று எழுதினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிடுவாள். ‘அமைதியாக இருக்கிறார்’ என்று எழுதினேன். ஆறாவது மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம், கடையில் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்து அடுக்கியிருந்த போர்வைகள்மேல் தலையைச் சாய்த்தாள். அது நிஜத் தூக்கம். கம்பிக்காரர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்ச்சை அணைக்கவில்லை. கடை முழுக்கத் துணி. புகையைப் பார்த்துக் கடைத்தெருவே சேர்ந்து கதவைத் தட்டியதாம். அவள் எழுந்திருக்கவில்லை. நாலு வருஷத்துத் தூக்கம் அல்லவா.

அவள் தாளை நான்தான் முடித்து வைத்தேன். ‘ஆய்விலிருந்து விலகினார். காரணம்: பணியிட விபத்து. மருந்துடன் தொடர்பு: இல்லை.’ அன்று காலை ஏழு மணிக்கு அவள் கொடுத்த மதிப்பெண் பத்து. கூட்டிப் பார்த்தபோது அவளால்தான் மொத்தச் சராசரி ஒன்பதைத் தாண்டியது. அனுமதி வாங்குவதற்கு ஒன்பது வேண்டும் என்று தலைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு எத்தனையோ லட்சம் வீடுகளில் நீலம் இருக்கிறது. உங்கள் கைப்பையின் ஓரத்தில் எட்டிப் பார்க்கிற மாத்திரை அட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை.

தங்கை மகள் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறேன். அவளிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்; என்னோடு அவள் பேசுவதில்லை. தெரியும். கம்பிக்காரர் சுருளைக் காட்டிய அன்றே தெரியும். தங்கையைச் சேர்த்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. தூங்குவாள் என்று நினைத்து நான் கொடுக்கவில்லை. சொல்வதை நிறுத்துவாள் என்று தெரிந்து கொடுத்தேன். எனக்கு அந்த நாற்பது நிமிடம் வேண்டியிருந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. படுத்திருந்தேன்.

எனக்குக் குற்ற உணர்ச்சி உண்டா என்கிறீர்கள். இருந்தால் தூக்கம் வருமா? நான் தூங்குகிறேன். அவளை அனுப்பிவைத்த மறுநாளிலிருந்து, பதினோரு மாதமாக, நீலம்தான். கொடுத்த கையே சாப்பிடுகிறது என்றால் அந்த மருந்துக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? படுப்பது தெரியும், எழுவது தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. நானே எனக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். எல்லா நாளும் பத்துக்குப் பத்து.

சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு, இல்லாமல் இல்லை. காலையில் நடுவிரலில் மை ஒட்டியிருக்கும். அலுவலகத்தில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. பழைய மையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். செருப்பு வாசலைப் பார்த்தபடி கிடக்கும், சில நாள் மண்ணோடு. பண்டிகை வாழ்த்துக்கென்று வாங்கி வைத்த தபால் தலைகள் எப்போது தீர்ந்தன என்று தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

கடிதத்துக்கு வருவோம். உதவுகிறேன் என்று சொன்னேன் அல்லவா. கம்பிக்காரர் இல்லை, அவர் எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கும். தங்கை மகளும் இல்லை. அவள் எழுதினால் கீழே பெயர் போடுவாள், அப்படிப்பட்டவள். தலைவருக்கு எழுதவே நேரம் இல்லை. தையல்காரர் மனைவிக்கு இவ்வளவு விஷயம் தெரியாது.

இது கடைசிக் கடிதமா? முந்தாநாள் வந்ததா? கொடுங்கள், படிக்கிறேன்.

‘காலையில் கூப்பிட்டால் வருவாள். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவாள். உங்களிடம் பாசமாகப் பேசுவாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வாள், ஒன்றைத் தவிர. அவள் சொல்வதை நம்பாதீர்கள். நான் தூங்கவில்லை. தங்கை போனதிலிருந்து ஒரு நாள் கூடத் தூங்கவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.’

மேல் மூலையில் ஒரு மஞ்சள் சீட்டைக் குண்டூசியால் குத்தியிருக்கிறார்கள். தெரிகிறது. என் இழுப்பறையில் பூட்டி வைத்திருந்த சீட்டு. அந்த இழுப்பறையின் சாவி இதோ, என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. குளிக்கும்போது கூடக் கழற்றுவதில்லை.

பழைய தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறீர்கள். என் கையால் நிரப்பியவை, ஆமாம். பத்து என்று நான் எழுதுகிற முறை, அந்த வளைவு, அந்தச் சுழி. ஒத்துப்போகிறது. நான் மறுக்கவில்லை, அம்மா. கையெழுத்து யாருடையதாகவும் இருக்கலாம் என்று என் தங்கை மகளிடம் ஒரு தடவை சொன்னேன். அதையே இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

கோபப்படாதீர்கள். விதி ஒன்று இருக்கிறது. உங்கள் அலுவலகமே முத்திரை குத்தி ஒப்புக்கொண்ட விதி. ராத்திரி யார் என்ன எழுதினார்கள், யார் எங்கே நடந்தார்கள், யார் அழுதார்கள் என்பதற்கெல்லாம் தாளில் இடம் இல்லை. மருந்து சாப்பிடுகிறவர் காலையில் சொல்வதுதான் கணக்கு. அந்தச் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை. மருந்து சாப்பிடுகிறவள் நான்.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன்: ஒன்பதரை. எத்தனை தடவை விழித்ததாக ஞாபகம் இருக்கிறது: ஒரு தடவை கூட இல்லை. பத்துக்குப் பத்து போட்டுக்கொள்ளுங்கள்.